உட்காராதவர்

அதிகாரி நீட்டிய கைப்பேசியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

அவள் அப்போது ஒரு மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பியில் சின்னத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. படத்தில் இருந்தது அவளுக்குத் தெரிந்த முகம்தான். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதுபோல் மூடிய வாய். ஆனால் கழுத்துக்குக் கீழே அப்பா இல்லை. அகன்ற தோள், மேசைமேல் படிந்திருந்த தடித்த மணிக்கட்டு, விரலில் ஒரு மோதிரம். அப்பா ஆயுளில் மோதிரம் போட்டதில்லை. அரசியலுக்கு வருமுன் கால்நடை மருத்துவராக இருந்தவர். பிரசவிக்க முடியாமல் தவிக்கும் பசுவுக்குள் முழங்கைவரை கைவிட்டுக் கன்றை இழுத்தவருக்கு மோதிரம் எதற்கு?

“கை மட்டும் இன்னும் சரி பண்ணணும் மேடம்” என்றான் அதிகாரி. அரசின் காட்சிக்கூடப் பிரிவில் இருப்பவன், முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டான். “மத்தபடி சார் நல்லா உக்காந்திருக்காரு இல்ல?”

அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய மௌனம் அந்தத் தெருவுக்கே தெரிந்ததுதான். கண்ணாடிக்கடைக்கு வருகிறவர்களிடம் ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடப் போகாது. பழகியவர்கள் அதைப் பொறுமை என்பார்கள், பழகாதவர்கள் தலைக்கனம் என்பார்கள். அதிகாரி புதியவன். தலைக்கனம் என்றே எடுத்துக்கொண்டு, குரலை இன்னும் பணிவாக்கிக்கொண்டு விளக்கினான்.

முதலமைச்சர் அலுவலகம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய அலுவலகத்தை, அந்தப் பதவியின் வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடமாக மாற்றுகிறார்கள். முதல் முதலமைச்சரிலிருந்து எல்லோருடைய படங்களும் தாழ்வாரத்தில் வரிசையாக வரும். எல்லாப் படமும் ஒரே அளவு, ஒரே நிலை: நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கை மேசைமேல், மறு கையில் பேனா. அது ஆதியிலிருந்தே உள்ள வழக்கம். முதலாமவருக்கு முழங்கால் வீக்கம், நிற்க முடியாது. அதனால் உட்கார்ந்து எடுத்துக்கொண்டார். இரண்டாமவருக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் முதலாமவர் உட்கார்ந்திருந்தாரே என்று அவரும் உட்கார்ந்தார். மூன்றாமவர் காலத்தில் அது விதியாகிவிட்டது. இதைச் சொல்லும்போது அதிகாரி தானே சிரித்துக்கொண்டான். அந்த இடத்தில் அவளுக்கு அவனைக் கொஞ்சம் பிடித்தது.

“சாரோட படம் நின்ன மாதிரிதான் இருக்கு. வேற படமே கிடைக்கல. கமிட்டியில ஒருத்தர், ‘உக்காராதவர எப்படிய்யா அந்த வரிசையில உக்கார வைக்கிறது’ன்னு கேக்கறாரு. அதான் இப்படி ஒரு ஏற்பாடு. நீங்க சரின்னு சொன்னா மாட்டிடலாம். இல்லேன்னா...” அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. இல்லையென்றால் அப்பா, இத்தனை காலம் இல்லாததுபோலவே, இனியும் வரிசையில் இருக்கமாட்டார்.

வாரக் கடைசிக்குள் சொல்லும்படி கேட்டுக்கொண்டு அவன் போனான். அவள் மறுபடி திருகாணியை எடுத்தாள். கண் அறுவை செய்துகொண்ட பழைய போட்டோக்காரர் மாமாவின் கண்ணாடி அது. மாலையில் வாங்கிக்கொள்ள வருவார். திருகாணி இரண்டு முறை கைநழுவித் தரையில் விழுந்தது.

*

அப்பா முதலமைச்சராக இருந்தது இரண்டு வாரத்துக்கும் குறைவு. பெரியவர் என்று எல்லோரும் அழைத்த முதலமைச்சர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். கட்சி அடுத்த ஆளைத் தேர்ந்தெடுக்கும்வரை மூத்த அமைச்சரான அப்பாவுக்குப் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார்கள். அது விடாத மழைக்காலம். பதவியேற்ற மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் ஒரே படம் வந்தது. காலியான நாற்காலி, அதன் பக்கத்தில் முதுகுப்பலகைமேல் கைவைத்து நிற்கும் அப்பா. ஒரு பத்திரிகை அதன் கீழே ‘இது என் இடமல்ல’ என்று போட்டிருந்தது. அப்பா அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றும் சொல்லவில்லை.

ஒரே நாளில் அவர் மகான் ஆனார். எங்கு போனாலும் ‘உட்காராத முதல்வர்’ என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் கட்சிக்கூட்டத்தில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அப்பாவின் பெயரை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் எழுந்து, “அவரே அது என் இடமில்லேன்னுட்டாரே, நாம போய்க் கட்டாயப்படுத்தறது மரியாதையா?” என்று கேட்டாராம். கூட்டம் கைதட்டியதாம். அப்பாவும் கைதட்டியிருப்பார்; வேறென்ன செய்திருக்க முடியும்? இன்னொருவர் முதலமைச்சரானார். அவர் வரும்போதே சொந்தமாக ஒரு சுழல் நாற்காலியைக் கொண்டுவந்தார். அப்பா மறுபடி கால்நடைத்துறைக்கே போய், அடுத்த தேர்தலில் தோற்று, மீதிக் காலத்தை ஊரார் மாடுகளுக்கு ஊசி போட்டுக் கழித்தார்.

ஏன் உட்காரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெரியவர்மேல் இருந்த பக்தி என்பாள் அம்மா. தொடை நடுங்கிவிட்டது என்பார்கள் எதிர்க்கட்சிக்காரர்கள். அவளுடைய தம்பி, குடும்ப விசேஷங்களில் நாலு பேர் சேர்ந்தால் குரலைத் தாழ்த்தி, “மூலம். வெளிய சொல்ல முடியுமா?” என்பான். அப்பாவிடம் நேரில் கேட்டவர்களுக்கு ஒரு சிரிப்புதான் கிடைத்தது. மேடைகளில் அதைப் புகழ்ந்து பேசும்போதெல்லாம் அவர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் கவனித்திருக்கிறாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வாள்.

அந்த அடக்கத்தை அவள் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். பேருந்தில் இடம் கிடைத்தாலும் பாதி வழியில் யாருக்காவது எழுந்து கொடுத்துவிடுவாள். கல்லூரியில் மாணவர் தலைவியாக நிற்கச் சொன்னபோது மறுத்தாள். கடையில் வேலையெல்லாம் நின்றபடியேதான்; முக்காலியில் வாடிக்கையாளர்கள் மட்டுமே உட்காருவார்கள். இப்போது முழங்கால்கள் இரண்டும் அதற்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தன.

அவளுக்கென்று அந்த நாளின் ஞாபகம் ஒன்றும் உண்டு. அவளுக்கு ஒன்பது வயது. கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லியனுப்பியிருந்தாள். அன்று கண் டாக்டரிடம் அழைத்துப்போவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் இந்தப் பதவிப்பிரமாணம் வந்துவிட்டது. ஆனாலும் வாக்கு வாக்குதான் என்று ஓட்டுநரை அனுப்பி அவளைப் பள்ளியிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வரவழைத்தார். தாழ்வாரத்தில் ஒரு நீள பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மழைச்சத்தம். ஈரக் குடைகளின் வாடை. பாதி திறந்த பெரிய கதவு. அதற்குள்ளே எல்லாமே கலங்கல். கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அந்த அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம். அன்று சாயங்காலமே அவளுக்கு முதல் கண்ணாடி கிடைத்தது. இலைகளுக்கு ஓரம் உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

மதியம் தம்பிக்குப் போன் செய்தாள். அவனுக்கும் அதிகாரி படத்தை அனுப்பியிருந்தான்.

“அக்கா, உக்கார வச்சுட்டுப் போகட்டும் விடு. இத்தனை வருஷமா நிக்கறாரே, மனுஷனுக்குக் கால் வலிக்காதா?”

“அது அப்பா உடம்பு இல்லடா.”

“மூஞ்சி அவருதுதானே? வரிசையில போற வர்றவன் மூஞ்சியத்தான் பாப்பான். அம்மா எவ்வளவு ஆசைப்பட்டா தெரியுமா? ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸ்லயும் அந்த வரிசையில அப்பாவத் தேடுவா. தேடிட்டு, இல்லேன்னதும் ஃபேனப் பாக்கற மாதிரி மேல பாத்துக்குவா.”

அது உண்மைதான். அம்மாவின் அந்தப் பார்வை அவளுக்கும் தெரியும். தம்பி அத்தோடு நிறுத்தவில்லை. அம்மா பெட்டியடியில் பத்திரப்படுத்தி வைத்திருந்த அப்பாவின் பதவியேற்புக் கால்சட்டையை, பின்பக்கம் ஏதோ பெயிண்ட் கறையோடு இருந்த அந்த வெள்ளைக் கால்சட்டையை, தான் ஸ்கூட்டர் துடைக்க எடுத்துவிட்டதற்கு அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்ததை ஞாபகப்படுத்தினான். “அப்படிப்பட்ட பொம்பளைக்காகவாவது சரின்னு சொல்லித் தொலை” என்று வைத்துவிட்டான்.

*

போட்டோக்காரர் மாமா மாலையில் வந்தார். எழுபதைத் தாண்டியவர். அந்தக் காலத்தில் அரசாங்கப் படப்பிரிவில் இருந்தவர், அப்பாவைப் படமெடுத்தவரும் அவர்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

“அடப்பாவமே. இவ்வளவு கிழவனா நானு? எல்லாரும் மரியாதைக்குத்தான் ஐயாங்கறாங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

அவள் சிரித்தபடி, மூக்கில் அழுத்துகிறதா என்று பார்த்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவரிடம் அவள் அதைக் கேட்டதே இல்லை. கேட்டால் ஏதோ குறைந்துவிடும் என்ற பயமோ என்னவோ. அன்று கேட்டாள். “மாமா, அன்னிக்கு அப்பா ஏன் உக்காரல?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, அவள் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

“இத யாராச்சும் கேப்பாங்கன்னு எத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா? எல்லாரும் பதில வச்சுக்கிட்டே சுத்தறாங்க, எங்க கேப்பாங்க?”

அவர் சொன்னது இதுதான். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பதவியில் ஆள் மாறினால் நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பார்கள். யார் தொடங்கியதோ தெரியாது, வெள்ளையடிப்பதுபோல ஒரு மரியாதை. பெரியவர் இறந்ததும் வழக்கப்படி நாற்காலியைக் கொண்டுபோய் அடித்துவிட்டார்கள். வெயில் காலமாக இருந்திருந்தால் ஒரு நாளில் காய்ந்திருக்கும். மழையில் அது காயவே இல்லை. பதவிப்பிரமாணம் முடிந்து, படமெடுக்க அறைக்குள் போனால் நாற்காலி தேன் தடவியதுபோல் மினுமினுவென்று நிற்கிறது.

“உக்காராதீங்க சார், ஒட்டிக்கும்னு நான்தாம்மா சொன்னேன். இப்போதைக்கு நின்னபடி ஒண்ணு எடுத்துக்கலாம், காஞ்சதும் வந்து உக்காந்தபடி எடுக்கறேன்னேன். அவரும் சரின்னு சாதாரணமா கைய வச்சாரு, கை ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுத்தாரு. மறுநாள் பேப்பர்ல பாத்தா உங்கப்பா தியாகி. அப்புறம் எப்படி உக்காருவாரு? உக்காந்தா முதல் நாள் நின்னது பொய்யாயிடும். வார்னிஷ் காஞ்சு போச்சு, ஆனா மனுஷன் மாட்டிக்கிட்டாரு.”

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே?”

“அந்தப் படத்துக்குக் கீழ என் பேரும் வந்துச்சும்மா” என்றார் அவர் எளிமையாக. “நல்ல பேரு. அதக் கெடுத்துக்க மனசு வரல. உங்கப்பாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.”

கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். படமெடுத்து முடிந்ததும் எல்லோரும் பெரியவரின் அஞ்சலிக்குக் கிளம்பினார்களாம். அப்பா மட்டும், கொஞ்ச நேரம் தனியா இருந்துட்டு வரேன், கதவ முழுசாச் சாத்த வேண்டாம் என்றாராம். “நான் பைய மாட்டிக்கிட்டு வெளிய வர்றேன், நீ பெஞ்சுல காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்க. சுருங்கிப்போன கண்ணு. என்னையே யாருன்னு தெரியாம முழிச்ச.”

அவர் போனபின் அவள் வெகுநேரம் கண்ணாடிச் சட்டங்களின் வரிசைக்கு முன்னால் நின்றாள். முதலில் சிரிப்புதான் வந்தது. ஒரு டப்பா வார்னிஷ். எத்தனை மேடை, எத்தனை கைதட்டல், பேருந்துகளில் எத்தனை மைல் நின்றபடி. பிறகு சிரிப்பு வடிந்து, அதனடியில் வேறொரு கேள்வி தலைகாட்டியது. அப்பாவுக்கு உட்கார ஆசை இருந்ததா? அவர் ஆசைப்பட்டிருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, பெற்ற மகள் உட்பட. ஆசையில்லாதவர் என்ற ஒரே கண்ணாடியை எல்லோருமாக அவர்மேல் மாட்டியிருந்தார்கள்.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரிக்குப் போன் செய்து, அந்தப் பழைய நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறதாம். சுழல் நாற்காலி வந்தபிறகு கிடங்குக்குப் போனது இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. மறுநாள் தச்சர் வந்து பழைய பூச்சைத் தேய்த்தெடுத்துப் புதிதாக அடிக்கப்போகிறார். “காட்சிக்கு வைக்கிறோம்ல மேடம், இப்ப பாக்க சகிக்கல.”

தான் வருவதற்குள் தேய்த்துவிட வேண்டாம் என்று சொன்னாள்.

*

தாழ்வாரம் அவள் ஞாபகத்தில் இருந்ததைவிடக் குறுகலாக இருந்தது. சுவரில் படங்களுக்கான ஆணிகள் அடித்தாயிற்று, படங்கள் இன்னும் ஏறவில்லை. அதிகாரி காட்டிக்கொண்டே வந்தான். முதலாமவர் வந்தபோது இது தானியக் கிடங்கின் கணக்கறையாக இருந்ததாம். ஒரு பள்ளியிலிருந்து மேசை இரவல் வாங்கினார்களாம், இன்றுவரை திருப்பித் தரவில்லை. இரண்டாமவர், மனுக்கொடுக்க வருகிறவர்கள் நிற்கக்கூடாது என்று தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டார். அப்பாவுக்குப் பின் வந்தவர், உட்கார்ந்தால் நகரமாட்டேன் என்கிறார்கள் என்று அதைத் தூக்கச் சொன்னார். இப்போது அந்த பெஞ்சும் கிடங்கிலிருந்து வந்து பழைய இடத்திலேயே கிடந்தது. கல்தரையில் அதன் கால்கள் பதிந்த பள்ளம் இருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை என்றான்.

அறை நடுவில், அந்த இரவல் மேசைக்குப் பின்னால் எப்போதும் இருந்த இடத்திலேயே, ஒரு பழைய துணியின்மேல் நாற்காலி நின்றது. கறுத்த மரம். முதுகுப்பலகை நிமிர்ந்து உயர்ந்து, கைகள் கனத்து. அகலமான மர இருக்கை. தூசி துடைத்திருந்தார்கள். தச்சர் ஜன்னலோரம் குத்தவைத்து உப்புத்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு தலையசைப்பு.

அவள் நேராக நாற்காலியின் பக்கவாட்டில் போய் நின்றாள். படத்தில் அப்பா நின்ற பக்கம். பையிலிருந்து கடையில் லென்ஸின் கீறல் பார்க்கும் சிறிய பூதக்கண்ணாடியை எடுத்து, பலகையின் மேல்விளிம்பில் வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்ந்து பார்த்தாள். இருந்தது. காய்ந்த பூச்சுக்குள் நாலு விரல்களின் தடம். உள்ளங்கை அழுந்திப் பிரிந்த இடத்தில் வார்னிஷ் சுருங்கி, நீர் வற்றிய குளத்து மண்போல் நின்றிருந்தது.

அதிகாரிக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். ஈர வார்னிஷ் என்று மட்டும். அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது.

“மேடம், இது போதும். இது கிடைக்கும்னு தெரிஞ்சிருந்தா அந்தப் படத்துல கையே வச்சிருக்க மாட்டேன். நின்ன படத்த அப்படியே மாட்டறோம், கீழ இந்த நாற்காலி, இதுல அவரு கை. கமிட்டி என்ன சொல்லும்? வரிசையில எல்லாரும் உக்காந்துட்டுப் போனாங்க, இவரு ஒருத்தர் அடையாளமே தொட்டுட்டுப் போனதுதான்.”

“வார்னிஷ் ஈரமா இருந்ததுன்னு எழுதுவீங்களா?”

அவன் தயங்கினான். “எழுதணும்னு அவசியம் இல்லியே மேடம். மரியாதையா கை வச்சாருன்னா அதுவும் பொய்யில்ல.”

அங்கேயே நின்று தன் மேலதிகாரிக்குப் போன் போட்டான். நாலைந்து ‘சரிங்க சார்’. கைப்பேசியை மூடிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ஒத்துக்கொண்டார்கள். அப்பா வரிசையில் வருகிறார், நின்றபடியே, சொந்தக் கைகளோடு. அவள் கேட்க வந்தது அதுதான். அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும், என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இந்நேரம் அம்மா இருந்திருந்தால் மின்விசிறியைப் பார்க்க வேண்டியிருந்திருக்காது.

“அண்ணே, முதுகுப் பக்கம் தொடாதீங்க. சீட்டு, கை, காலு, இத மட்டும் தேய்ச்சு அடிச்சிருங்க” என்று தச்சரிடம் சொல்லிவிட்டு அதிகாரி படத்தை அச்சுக்கு அனுப்ப வெளியே ஓடினான். தச்சர் தண்ணீர் பிடித்துவர வாளியை எடுத்துக்கொண்டு போனார். கதவு தானாகப் பாதி சாய்ந்து நின்றது.

அறையில் அவளும் நாற்காலியும் மட்டும். தேய்க்கப்போகும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்றுதான் அவள் குனிந்தாள். பழக்கதோஷம், எந்தப் பரப்பைக் கண்டாலும் அதில் கீறல் தேடுகிற கை. இருக்கையின் பின்பகுதி முழுக்க ஒரே மழமழப்பு. முன்பகுதிக்கு வந்தபோது பூதக்கண்ணாடி நின்றது. பூச்சு அங்கே சொரசொரத்திருந்தது. இன்னும் குனிந்தாள். குறுக்கும் நெடுக்குமாக, மெல்லிய வரிசை வரிசையான கோடுகள். தூசியோ விரிசலோ இல்லை. கெட்டித் துணியின் நெசவு. இழைக்கு இழை அப்படியே பதிந்திருந்தது, ஓரிடத்தில் ஒரு தையலின் மேடுகூட.

பின்பக்கம் கறையோடு ஒரு வெள்ளைக் கால்சட்டை. தம்பி ஸ்கூட்டர் துடைத்தது. அந்தக் கறை பெயிண்ட் இல்லை.

அவள் நிமிர்ந்து, முதுகை நீவிக்கொண்டு, கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மறுபடி குனிந்து அந்தத் தடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தாள். அதிலிருந்த வினோதம் அப்போதுதான் உறைத்தது. தடம் இருக்கையின் முன்விளிம்பில் மட்டும் இருந்தது, நாலு விரற்கடை அகலம்கூட இல்லாமல். ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தே, உடுப்பு பாழாகும் என்று தெரிந்தே உட்கார்ந்தவர், சாய்ந்து உட்காரவில்லை. முழுசாகக்கூட உட்காரவில்லை. அடுத்தவர் வீட்டில் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிறவர்கள் உட்காருவதுபோல் விளிம்பில்.

மரியாதையா? பயமா? அதற்கும் ஆளுக்கொரு காரணம் கிடைக்கும். அவளுக்கு ஆராய வேறு வழி தெரியவில்லை. அந்தத் தடத்தின்மேலேயே, அதே அளவுக்கு, விளிம்பில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் நன்றி சொன்னதுபோல் மடங்கின. மேசை பார்வைக்குச் சற்றே இடப்பக்கம் விலகியது. நிமிர்ந்தால், பாதி சாய்ந்த கதவு. கதவின் இடைவெளியில் தாழ்வாரச் சுவரின் ஒரு துண்டு. அதன் கீழே பெஞ்சின் கடைசி முனை. பின்னால் நகர்ந்து சாய்ந்து பார்த்தாள். பெஞ்சு மறைந்து கதவுதான் தெரிந்தது. மறுபடி விளிம்புக்கு வந்தாள். பெஞ்சு தெரிந்தது. தரையில் இருந்த பள்ளத்திலேயே அதைப் போட்டிருக்கிறார்கள் என்று அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது.

அன்று மழைக்குள் கார் கண் டாக்டர் வீட்டுக்குப் போனபோது பின்சீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா ஒரு பக்கமாகச் சரிந்து, ஏதோ சங்கடத்தோடு உட்கார்ந்திருந்தார். கதவுக்குள்ளே அவள் பார்த்த கலங்கலில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. நின்ற திட்டு அல்ல, குட்டையாக. மேசைக்கு மேலே கொஞ்சம்தான் தெரிந்தது. அவள் அதைக் கேட்டிருக்கிறாள். இத்தனை வருடம் எங்கே கிடந்தது இந்தக் கேள்வி?

“உள்ள நீங்க உக்காந்திருந்தீங்களாப்பா?”

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சிரித்தார். அவளுடைய கன்னத்தில் ஒரு தட்டு. உள்ளங்கையில் ஏதோ பிசுபிசுப்பு.

“உனக்குத்தான் கண்ணு தெரியலியே, கண்ணு.”

வாளிச் சத்தம் கேட்டது. தச்சர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்து, நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து நின்றார். உப்புத்தாளை நனைத்துக் கட்டையில் சுற்றினார். அவளைப் பார்த்தார். இருக்கையைப் பார்த்தார்.

“அம்மா, எந்திரிச்சீங்கன்னா ஆரம்பிச்சிருவேன். சீட்டுலேருந்துதான்.”

சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம்தான். சீட்டையும் தேய்க்காதீர்கள். சொன்னால் ஏன் என்று அதிகாரி ஓடிவருவான், குனிந்து பார்ப்பான், வரிசையில் நிற்கப்போகிறவர் மறுபடி உட்கார்ந்துவிடுவார், இந்த முறை ஊரறிய. சொல்லாவிட்டால் மதியத்துக்குள் இங்கே பழுப்புத் தூள் மட்டும் இருக்கும்.

“கொஞ்சம் இருங்க” என்றாள்.

அவர் அவசரமில்லாத மனிதர். கதவை வந்த அளவுக்கே சாய்த்துவிட்டுத் தாழ்வாரத்தில் போய் பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தார். விளிம்பிலிருந்து அவருடைய முழங்காலும், முழங்காலில் தட்டிக்கொண்டிருந்த கட்டையும், ஆடுகிற ஒரு பாதமும் தெரிந்தன. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சு கலங்கியது. அதன் முனையில் ஏதோ ஒன்று உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது, பெரியதா சிறியதா என்று சொல்ல முடியாமல்.